ஆன்லைன் வருமானம்: ஊருக்கும் வரிக்கும் ஒரே கணக்கு

ஆன்லைனில் சம்பாதிக்கிற பலரிடம் இரண்டு கணக்கு இருக்கிறது. ஃபாலோயர்களிடம் சொல்ல ஒன்று, வரி கட்டும்போது சொல்ல ஒன்று. முதலாவது நன்றாக ஊதிப்போயிருக்கும், இரண்டாவது இளைத்துக் கிடக்கும். ஆள் ஒன்று, வேலை ஒன்று, மாதமும் ஒன்று, எண் மட்டும் கேட்பவரைப் பார்த்து மாறும். இந்த இரண்டையும் ஒரே நோட்டிலிருந்து எடுத்துச் சொல்வது எப்படி என்றுதான் இங்கே எழுதப்போகிறேன்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வரித்துறையைத் தவிர வேறு யாரிடமும் வருமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. மாதம் எவ்வளவு வருகிறது என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றலாம், அதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் சொல்வது என்று முடிவெடுத்துவிட்டால், அதுவும் அந்த எண்ணை வைத்து ஒரு கோர்ஸோ ஆலோசனையோ விற்கப்போகிறீர்கள் என்றால், சொல்கிற எண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

முதலில் நோட்டு

எக்செல் ஷீட் போதும், காகித நோட்டு என்றாலும் சரி. பணம் வரும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை இவை: தேதி, யார் கொடுத்தது, எதற்காக, தளம் காட்டிய முழுத் தொகை, தளம் எடுத்துக்கொண்ட கமிஷன், பிடித்த வரி, கடைசியில் பேங்கில் விழுந்த தொகை, வெளிநாட்டுப் பணம் என்றால் அன்றைய மாற்று விகிதம். இதில் மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், முழுத் தொகைக்கும் பேங்கில் விழுந்த தொகைக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பாதிக் குழப்பம் இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் கலப்பதால்தான் வருகிறது.

ஆன்லைனில் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளத்தில் 100 டாலருக்கு ஒரு வேலை செய்தால் 20 சதவீதம் அவர்களுக்குப் போய் 80 உங்களுக்கு வரும். "80தானே வந்தது, 80 என்றே எழுதிக்கொள்கிறேன்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக வரிக் கணக்கில் 100 உங்கள் வரவு, 20 உங்கள் செலவு. மிச்சம் என்னவோ 80தான், அதில் மாற்றம் இல்லை, ஆனால் விற்பனை வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வரம்பைத் தாண்டினீர்களா என்று பார்க்கும்போது முழு வரவைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் அனுப்பும் 1099-கே படிவத்திலும் கமிஷன், ரீஃபண்ட் எதையும் கழிக்காத முழுத் தொகைதான் இருக்கும். நீங்கள் வேறு எண்ணை எழுதியிருந்தால், திருடும் எண்ணமே இல்லாவிட்டாலும் உட்கார்ந்து விளக்கம் எழுதவேண்டி வரும்.

பிடித்த வரிக்கும் இதே கதைதான். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் யூடியூபர்களிடம், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த வருமானத்துக்கு 2021 ஜூன் முதல் கூகுள் வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறது. டபிள்யூ-8பென் படிவம் நிரப்பி, உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதைக் காட்டினால் விகிதம் குறையும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 30 சதவீதம். படிவமே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரைக்கும்கூடப் போகலாம். இப்படிப் பிடித்த தொகையும் உங்கள் வருமானம்தான், கைக்கு வரவில்லை அவ்வளவுதான். அதையும் சேர்த்துக் காட்டினால்தான், அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கும் இடங்களில் அதைக் கேட்க முடியும்.

எந்த எண்ணுக்கு எந்தப் பெயர்

ஏமாற்று என்றதும் கள்ள எண்ணைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் எண் சரியாகத்தான் இருக்கும், அதற்கு வைக்கிற பெயர்தான் தப்பு. ஒருவர் 50 டாலர் கோர்ஸை ஒரு மாதத்தில் 40 பேருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 2000 டாலர் காட்டும், அவரும் "இந்த மாதம் 2000 டாலர் சம்பாதித்தேன்" என்று போட்டுவிடுவார். இனி அந்த 2000-த்தின் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

மூன்று பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், 150 போனது, இருப்பது 1850. எட்டுப் பேர் வேறு ஒருவர் கொடுத்த லிங்க் வழியாக வந்தவர்கள், அவருக்குத் தலைக்கு 20 வீதம் 160. கார்டு கட்டணம் எல்லாம் சேர்த்து 80. விளம்பரத்துக்கு 500 (இதைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கமாட்டார்கள்). வீடியோ எடிட் செய்தவருக்கு 200. இமெயில் சேவை, ஹோஸ்டிங், இன்னபிற மென்பொருள் சந்தா 110. ஆக மொத்தச் செலவு 1050, மிச்சம் 800. அதற்கும் இன்னும் வரி கட்டவில்லை. அந்த மாதம் அவர் 100 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் மணிக்கு 8 டாலர்.

2000 பொய்யா என்றால் இல்லை. அது விற்பனை. 1850 வரவு, 800 மிச்சம், வரி போக நிற்பதுதான் வருமானம் என்று பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருப்பது. ஆகவே வெளியே எழுதும்போது மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுங்கள்: "ரீஃபண்ட் போக வரவு 1850, செலவு 1050, வரிக்கு முன் மிச்சம் 800." கவர்ச்சியாக இல்லைதான். தலைப்பில் ஒரே ஒரு எண்தான் போடமுடியும் என்றால் 800-ஐப் போடுங்கள், 2000-த்தைப் போட்டே தீரவேண்டும் என்றால் பக்கத்தில் "விற்பனை" என்ற சொல் இருக்கட்டும்.

யூடியூபில் இதே தகராறு சிபிஎம், ஆர்பிஎம் என்று வரும். ஆயிரம் தடவை விளம்பரம் காட்டப்பட்டதற்கு விளம்பரதாரர் கொடுத்தது சிபிஎம். ஆயிரம் பார்வைக்கு உங்கள் பங்காக வந்தது ஆர்பிஎம். சாதாரண வீடியோவில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம்தான் உங்களுக்கு, ஷார்ட்ஸ் என்றால் உங்களுக்கென ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம். தவிர எல்லாப் பார்வைக்கும் விளம்பரம் ஓடுவதில்லை. அதனால் சிபிஎம் பொதுவாகப் பெரிதாகத் தெரியும், "எனக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு" என்று பீற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் ஆர்பிஎம்மைச் சொல்லுங்கள்.

எந்த மாதக் கணக்கு

சம்பாதித்த மாதம் வேறு, பணம் வந்த மாதம் வேறு. விளம்பரப் பணத்தைக் கூகுள் பட்டுவாடா செய்யும் ஆட்சென்ஸ் அன்றாடம் காட்டுவது உத்தேசத் தொகைதான். மாதம் முடிந்து, போலி க்ளிக் என்று தள்ளியதைக் கழித்த பிறகுதான் இறுதித் தொகை வரும், அதுவும் 100 டாலரைத் தாண்டினால்தான் அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். அமேசான் அஃபிலியேட் கமிஷன் (உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைப்பது) மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும், நடுவில் வாங்கியவர் பொருளைத் திருப்பிவிட்டால் அதற்கான கமிஷனும் போய்விடும். கோர்ஸ் விற்கும் தளமான யூடெமியில் படிப்பவர்களுக்கு ரீஃபண்ட் கேட்க 30 நாள் உண்டு. மாதம் முடிந்த மறுநாளே "போன மாத வருமானம்" என்று எழுதினால் அதில் பாதி இன்னும் வேகாத எண்ணாகத்தான் இருக்கும்.

வழி சுலபம். ஒன்று, சம்பாதித்த மாதத்தை வைத்துக் கணக்கு எழுதுங்கள், இரண்டு மாதம் தாமதமாக வெளியிடுங்கள். இல்லையென்றால், பேங்கில் விழுந்த மாதத்தை வைத்து எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் ஒன்றையே பிடித்துக்கொண்டு, எது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நல்ல மாதத்துக்கு ஒரு முறை, மோசமான மாதத்துக்கு இன்னொரு முறை என்று தாவுவதுதான் கூடாது. வரிக்கும் ஒரே முறைதான், வருடத்துக்கு வருடம் இஷ்டப்படி மாற்ற எல்லா நாடும் விடாது, அங்கே எந்த முறையில் காட்டுகிறீர்களோ அதையே வெளியேயும் பயன்படுத்தினால் தலைவலி மிச்சம்.

வருடத்தின் ஒரே நல்ல மாதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு "மாதம் இவ்வளவு" என்பதும் இந்த வகைதான். பன்னிரண்டு மாதத்தையும் போடுங்கள், பூஜ்யம் வந்த மாதம் உட்பட. அதுதான் படிப்பவருக்கு உண்மையிலேயே உதவும், ஏனென்றால் பூஜ்யம் எப்போது வரும், அப்போது கையில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு இடம் கிடையாது.

பணமாக வராதது

ஒரு கம்பெனி போன் அனுப்புகிறது, ரிவ்யூ போட்டால் வைத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் இரண்டு இரவு இலவசம், பதிலுக்கு மூன்று ரீல்ஸ். இதையெல்லாம் வருமானம் என்றே நினைக்காதவர்கள் அதிகம். அமெரிக்க வரித்துறை பண்டமாற்றாக வந்ததைச் சந்தை மதிப்பில் வருமானமாகக் காட்டச் சொல்கிறது. இந்தியாவில் 2022 ஜூலை 1-ல் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 194ஆர் என்று ஒரு விதி வந்தது, தொழில் மூலம் கிடைக்கும் இப்படிப்பட்ட சலுகைகள் ஒருவரிடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரி பிடிக்கவேண்டும். நோட்டில் இதற்கும் ஒரு இடம் வையுங்கள்: பொருள், கொடுத்தவர், அன்றைய கடை விலை, திருப்பிக் கொடுத்தீர்களா வைத்துக்கொண்டீர்களா. கேமராவைத் திருப்பி அனுப்பியிருந்தால் கூரியர் ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அது ஒன்றுதான் பேசும்.

கிரிப்டோவில் கொடுத்தார்கள், கேமில் வந்த பரிசைக் கூப்பனாக மாற்றினேன், லைவில் பார்வையாளர்கள் டிப்ஸ் போட்டார்கள், எதுவானாலும் வந்த அன்றைய மதிப்பில் எழுதிவிடுங்கள். எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவரிடம் சொல்லாமலேயே வடிகட்டுவதுதான் தப்பு.

"வரித்துறைக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் மாறிப்போய்ச் சில வருடம் ஆகிறது. தளங்களே சொல்லிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் டாக்7 என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, தளத்தில் விற்பவர்கள், வேலை செய்பவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று தளம் வரித்துறைக்குக் கொடுக்கவேண்டும், நாடுகள் தங்களுக்குள் அதைப் பகிர்ந்துகொள்ளும். பிரிட்டனில் இதே மாதிரி 2024 ஜனவரி 1-ல் தொடங்கியது. இந்தியாவில் இணைய வணிகத் தளங்கள் விற்பவரிடம் வரி பிடிக்கும் முறை 2020 அக்டோபர் 1-லேயே வந்துவிட்டது, 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் உங்களுக்கே மறந்துபோன வட்டி, பங்கு விற்பனை எல்லாம் வரிசையாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்யும் முன் இந்த மாதிரி அறிக்கை உங்கள் நாட்டில் இருந்தால் அதை எடுத்து உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். அவர்களிடம் இருந்து உங்களிடம் இல்லாதது ஏதாவது இருந்தால் தேடிச் சேருங்கள், அவர்கள் காட்டியது தப்பு என்றால் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அறிக்கையில் வராதது வருமானம் இல்லை என்று ஆகாது. படிவம் வரவில்லை, அதனால் காட்டத் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை ஃப்ரீலான்ஸர்கள் நடுவில் உலவுகிறது. 1099 படிவம் வந்தாலும் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டவேண்டும் என்று அமெரிக்க வரித்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது, மற்ற இடங்களிலும் பொதுவாக இதேதான்.

குறைத்துக் காட்டுவதால் வரும் நஷ்டம் வேறொரு நாளில் தெரியும். வீட்டுக் கடன் கேட்டுப் போகிறீர்கள், பேங்க் பார்ப்பது தளத்தில் உங்கள் வருமானம் காட்டும் டாஷ்போர்டை இல்லை, நீங்கள் தாக்கல் செய்த வரிக் கணக்கை. விசாவுக்கும் அதைத்தான் கேட்பார்கள். மூன்று வருடமாக ஒன்றுமே சம்பாதிக்காதவர் மாதிரி காட்டியவருக்கு அன்றைக்குத் திடீரென்று சம்பாதித்ததாக நிரூபிக்க வழி இருக்காது.

முந்தைய வருடங்களில் விட்டுப்போயிருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். திருத்திய கணக்கு கொடுக்க அமெரிக்காவில் 1040-எக்ஸ் படிவம் இருக்கிறது, இந்தியாவில் கூடுதல் வரியோடு கொடுக்கும் ஐடிஆர்-யு படிவம் இருக்கிறது. தானாக வந்து சொன்னவருக்கும் பிடிபட்டவருக்கும் அபராதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் சாட்சி இல்லை

கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தையாவது திறந்து, ஒரு எண்ணின் மேல் வலது க்ளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" கொடுங்கள். வலது பக்கத்தில் கோட் திறக்கும், அதில் அந்த எண் தனியாகத் தெரியும், அதை இரண்டு முறை தட்டி 312-ஐ 31,200 ஆக்கி என்டர் அழுத்தினால் போதும். பக்கம் அச்சு அசலாக அப்படியே இருக்கும், எழுத்துரு, நிறம், லோகோ ஒன்றும் மாறாது. கோடிங் தெரியவேண்டியதில்லை. ஆகவே யாராவது ஸ்கிரீன்ஷாட் போட்டுவிட்டு "இதோ ஆதாரம்" என்றால், ஒரு எண்ணை டைப் செய்து காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் மதிப்பில்லை.

எண்ணைத் தொடாமலும் ஏமாற்றலாம், அது இன்னும் சகஜம். மேலே மூலையில் இருக்கும் தேதிக் கட்டத்தை வெட்டிவிட்டுப் படம் போடுவது. "ஆரம்பம் முதல் இன்றுவரை" என்று தேர்ந்தெடுத்த மொத்தத் தொகை, தேதி இல்லாமல் பார்த்தால் ஒரு மாதத் தொகை மாதிரியே இருக்கும். நீங்கள் போடும்போது தேதி தெரியும்படி, முழுத் திரையோடு போடுங்கள். ஆனால் அதே படத்தில் வாங்கியவர்கள் பெயர், இமெயில், ஆர்டர் எண், உங்கள் பேங்க் கணக்கு எண் இருந்தால் மறைத்துவிடுங்கள், அவர்கள் உங்களிடம் பொருள் வாங்கினார்களே தவிர ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை.

சம்பாதிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவர்களுக்கு

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். "டிசைன் செய்து மாதம் இவ்வளவு" என்று சொல்பவரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் டிசைன் வேலையில் வந்தது பத்தில் ஒரு பங்கு, மீதி எல்லாம் "டிசைன் செய்து சம்பாதிப்பது எப்படி" என்ற கோர்ஸில் வந்ததாக இருக்கும். கோர்ஸ் விற்பது தப்பில்லை. எது எதிலிருந்து எத்தனை சதவீதம் வந்தது என்று பிரித்துச் சொல்லாததுதான் தப்பு, ஏனென்றால் வாங்குபவர் டிசைன் செய்யப் போகிறாரே தவிர கோர்ஸ் விற்கப் போவதில்லை. வருமானக் கணக்கோடு ஹோஸ்டிங் லிங்க், மென்பொருள் லிங்க் என்று கொடுத்து அதிலிருந்தும் கமிஷன் வாங்குகிறீர்கள் என்றால் அந்த லிங்க் பக்கத்திலேயே அதைச் சொல்லுங்கள், பக்கத்தின் கடைசி மூலையில் இல்லை.

எவ்வளவு சொன்னால் போதும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே தொழில் வாய்ப்பு விற்பவர்களுக்கான எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பு) விதி, 2012-ல் புது வடிவில் நடைமுறைக்கு வந்தது, வருமானத்தைச் சொல்லி விற்பவர் எழுத்தில் கொடுக்கவேண்டியதைப் பட்டியலிடுகிறது. அந்த வருமானம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் வந்தது, அதற்குமுன் வாங்கியவர்களில் எத்தனை பேர், எத்தனை சதவீதம் பேர் அந்த அளவையாவது எட்டினார்கள், எட்டியவர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஏதாவது வசதி இருந்ததா. உங்கள் நாட்டில் சட்டம் கேட்காவிட்டாலும் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். ஒரு மாணவரின் வெற்றிக்கதையைப் போடும்போது, மொத்தம் 300 பேர் சேர்ந்தார்கள், எனக்குத் தெரிந்து 9 பேர் இந்த அளவுக்கு வந்தார்கள், பாக்கிப் பேரைப் பற்றித் தகவல் இல்லை என்று எழுதமுடிந்தால் எழுதுங்கள். எழுதக் கைவரவில்லை என்றால் அந்தக் கதையையே போடாதீர்கள்.

உங்களுக்கு முன்னாடியே இருந்த வசதிகளும் இதில் சேரும். ஏற்கெனவே 50,000 பேர் ஃபாலோ செய்யும் பக்கம், வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்ட துணைவர், பழைய வேலையில் கிடைத்த தொடர்புகள். "பூஜ்யத்திலிருந்து" என்று எழுதும் முன் இதையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் தொகையை வெளியே சொல்லக்கூடாது என்று இருக்கலாம். அப்போது "ஸ்பான்சர் வருமானம் இதில் சேர்க்கவில்லை" என்று எழுதினால் போதும். "சொன்னால் அசந்துபோவீர்கள்" என்ற பாணி வேண்டாம்.

வெளியிட்ட எண் தப்பு என்று பிறகு தெரிந்தால், பழைய எண்ணை அடித்துக் காட்டி, பக்கத்தில் புது எண்ணும் திருத்திய தேதியும் காரணமும் போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் பழைய படம் யாரிடமாவது இருக்கும், அப்புறம் நீங்கள் சொன்ன சரியான எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாக, காகிதங்கள். அமெரிக்காவில் பொதுவாக 3 வருடம் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறார்கள், காட்டிய மொத்த வருமானத்தில் கால் பங்குக்கு மேலான தொகையைக் காட்டாமல் விட்டிருந்தால் 6 வருடம். பிரிட்டனில் சுயதொழில் செய்பவர்கள் அந்த வருடத்துக்கான ஜனவரி 31 கெடு முடிந்து 5 வருடம். உங்கள் நாட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுவரை தளம் வைத்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். தளங்கள் மூடுகின்றன, கணக்குகள் முடக்கப்படுகின்றன, முடக்கியபின் டாஷ்போர்டும் திறக்காது. ஒவ்வொரு மாதமும் நோட்டை எழுதி முடித்த கையோடு அந்த மாத அறிக்கையை சிஎஸ்வி, பிடிஎஃப் இரண்டாகவும் இறக்கி, வருடம்-மாதம் என்று பெயரிட்டு, ஒரு பிரதியை வேறொரு இடத்திலும் போட்டு வையுங்கள்.